19 நாள் முந்தி வரும் மெசேஜ்: அப்பாக்களுக்கான ஒரு சேவை பற்றி

நாலு நாளாக விடாத மழை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஜூன் மாதம் இப்படித்தான். மழை படாமலிருக்க ரப்பர் மரத்தில் ரெயின்கார்டு என்ற பிளாஸ்டிக் மறைப்பை ஒட்டியும் பட்டையில் ஈரம் நிற்கிறது, அதனால் பாலுக்காகப் பட்டையைச் சீவும் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் சம்பளமும் இல்லை. ஆனால் எழுத நேரம் உண்டு. எட்டு மாதமாகத் தள்ளிப்போட்ட மதிப்புரையை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

சேவையின் பெயர் எஸ்.எம்.எஸ். ஃபார் டாட்ஸ். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கும் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், ரிச்சர்ட் ஃபிளெட்சர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் உருவாக்கியது. அப்பா ஆகப்போகிறவர் தன் போன் எண்ணையும் பிரசவத் தேதியையும் கொடுத்துப் பதிந்தால் போதும். கர்ப்பம் 12 வாரம் ஆனதிலிருந்து பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, வாரத்துக்கு மூன்று போல மெசேஜ் வரும். காசு கிடையாது. செயலி எதுவும் ஏற்ற வேண்டாம், சாதாரண எஸ்.எம்.எஸ். தான். பதில் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

அந்த நாட்டு அப்பாக்களுக்கான சேவை, திற்பரப்புக்கு இந்தப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவனுக்கு எப்படி வந்தது என்றால், பெரியம்மா மகன் மெல்பர்னில் நர்ஸாக இருக்கிறான். என்னைவிட மூன்று வயது மூப்பு. அண்ணிக்கும் என் மனைவிக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வயிற்றில் உண்டாயிற்று. நான் விஷயத்தைச் சொன்ன அன்றே, "ஒனக்கும் சேத்துதான் பதிஞ்சிருக்கேன்னு வச்சுக்க, வாறத எல்லாம் தள்ளிவிடுதேன், கேட்டியா" என்றான். அன்றிலிருந்து அவனுக்கு வருகிற ஒவ்வொரு மெசேஜையும் வாட்ஸப்பில் எனக்கு அனுப்பிவருகிறான். ஆங்கிலத்தில் இருப்பதற்குக் கீழே அவனே நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு வரி எழுதிவிடுவான். ஆகவே நான் மதிப்புரை எழுதுவது பாதி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, பாதி என் அண்ணனுக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் டியூட்டிக்குக் கிளம்பும் நேரம் அங்கே காலை எட்டரை. இங்கே விடியற்காலை நாலு. அந்த நேரத்தில் நான் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பேன். குளிர் விடுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், அதனால் நடுவில் நிற்க முடியாது. ஒரு நாளைக்கு 300 மரம். சட்டைப் பையில் போன் ஒரு தடவை துடிக்கும். மேல்வரிசை முடிந்து பாறைக்குப் பக்கத்தில் கத்தியைத் தீட்ட உட்காரும்போது எடுத்துப் பார்ப்பேன். முழுதும் ஒரு திரைக்குள் அடங்கிவிடும், மூன்று நாலு வரி. இதைவிட நீளமாக இருந்தால் நான் படித்திருக்க மாட்டேன். கையில் பால் ஒட்டியிருக்கிறவன் திரையை எத்தனை தடவை தள்ளுவான்?

சில மெசேஜ்கள் பிள்ளையே பேசுவது போல இருக்கும், வயிற்றுக்குள்ளிருந்து அப்பாவைக் கூப்பிட்டு. முதலில் சிரிப்புதான் வந்தது. அண்ணன் கீழே எழுதியிருந்தான்: "வயித்துக்குள்ள கெடக்குத புள்ள ஒனக்க சத்தத்த கேக்கும். வாயத் தொறந்து எதாவது பேசுடே." என்ன பேசுவது? எங்கள் வீட்டில் அப்பா வாயைத் திறந்தால் ஸ்கூல் பீஸ் பற்றியோ மழை பற்றியோதான் பேசுவார். அன்றைக்குச் சாயங்காலம் மனைவி வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து, இன்றைக்கு எத்தனை ரப்பர் ஷீட் அடித்தோம், பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் எவ்வளவு தேறியது என்று சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள். "புள்ளையிட்ட பேசச் சொன்னா சொசைட்டி கணக்கா சொல்லுவீங்க?" அதற்கப்புறம் தினமும் கணக்குச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மகள் பிறந்து நான் முதலில் குரல் கொடுத்தபோது தலையைத் திருப்பினாள் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. உறங்கிக்கொண்டிருந்தாள்.

சிக்கல் ஏழாம் மாதத்தில் தொடங்கியது. தலைப் பிரசவம் என்பதால் மனைவியை அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். வீடு குளச்சலுக்குப் பக்கம். குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி, தக்கலையில் மாறி, போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். மெசேஜோ, இன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு நீ செய், அவள் கால் வீங்கியிருக்கிறதா பார் என்கிற ரீதியில் வரும். அவர்கள் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு எழுதியது, அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. நம்ம ஊரில் அந்த மூன்று மாதமும், அப்புறம் இன்னொரு மூன்று மாதமும், அப்பா என்பவன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. போனால் நாற்காலி போடுவார்கள். மீன் குழம்பு ஸ்பெஷலாக இருக்கும். பிள்ளையைத் துணியில் சுற்றி ஐந்து நிமிடம் மடியில் வைப்பார்கள். அழுதால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, வேலைதான் ஒன்றும் இல்லை.

இந்த மெசேஜ்களின் உண்மையான மதிப்பை நான் கண்டுகொண்டது அங்கேதான். வேலை இல்லாதவனுக்கு வாரத்துக்கு மூன்று வேலை அனுப்பிவிடும். எனக்குப் பொருந்தாததை எனக்குப் பொருந்துகிற மாதிரி நான்தான் திருப்பிப் போட வேண்டியிருந்தது. சாப்பாடு செய் என்று வந்தால், வெட்டு முடிந்து ஷீட் அடித்துப் போட்டுவிட்டு, பஸ்ஸில் நாலு மட்டிப்பழச் சீப்போடு போய் நிற்பேன். அவளைக் கவனித்துக் கேள் என்று வந்தால், போனில் "சாப்பிட்டியா" என்பதற்குப் பதிலாக "ராத்திரி ஒறங்குனியா, என்ன நெனச்சுக்கிட்டு கெடந்த" என்று கேட்டேன். கல்யாணமாகி ஒரு வருடத்தில் நான் கேட்காத கேள்வி. அவள் ஒரு நிமிடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். அவளுடைய அம்மாவிடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை.

செப்டம்பரில் அண்ணனுக்குப் பையன் பிறந்தான். பிறந்த தேதியை அவன் மாற்றிப் பதிந்ததும் மெசேஜ்களும் வயிற்றைவிட்டு வெளியே வந்துவிட்டன. எனக்கு மகள் பிறந்தது அதற்கு 19 நாள் கழித்து. ஆக, பிள்ளை பிறப்பதற்கு 19 நாள் முன்பே, அழுதால் தோளில் போட்டுக்கொண்டு நட, மல்லாத்திப் படுக்க வை என்றெல்லாம் எனக்கு வரத் தொடங்கிவிட்டது. கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் நேரத்துக்கு வருவதைவிட முந்தி வருவது நல்லது என்று அப்புறம் புரிந்தது. படித்ததை அசைபோட நேரம் கிடைக்கிறது. துணி மடித்துக் கட்டுவதைத் தேங்காய் ஒன்றை வைத்துப் பழகினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? என் அம்மா பார்த்துவிட்டு, தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வராண்டாவில் பெஞ்சு, கையில் பிளாஸ்க், பையில் ஆதார் நகல் ஏழு. "ஆம்பிளைங்க எல்லாம் வெளிய" என்று ஒரு குரல் மணிக்கு ஒரு தடவை. அந்த ஒரு ராத்திரிக்கு எந்த மெசேஜும் உதவாது. மாமி, அதாவது மனைவியின் அம்மா, உள்ளே துணைக்கு இருந்தார்கள், அது போதும் என்று இருந்தேன்.

பிறந்த மூன்றாம் நாள் மனைவியின் மாமன் ஒருவர் மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். நல்ல தேன், நானே சத்தியம் செய்வேன். வயம்பும் (வசம்பு) பொன்னும் உரைத்துத் தேனில் தொட்டு நாக்கில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் வைத்திருக்கிறார்கள். அண்ணன் இதை எதிர்பார்த்தே முந்தின வாரம் எழுதியிருந்தான், இது மெசேஜில் வந்ததில்லை, நர்ஸாக அவனே சேர்த்தது: ஒரு வயது ஆகும்வரை தேன் கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து விஷம் உண்டாக்கும், நரம்பைத் தளர்த்திவிடும். அபூர்வம்தான், வந்தால் ஆபத்து. இதை மாமனார் வீட்டில், பெரியவர் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மருமகன் எப்படிச் சொல்வது? போனை நீட்டினேன். மாமி கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "போன்ல வாறத எல்லாம் கேட்டா புள்ள வளக்க முடியுமா மக்களே?" என்றார்கள். கோபமில்லை, பரிதாபம். நல்லவேளை, மறுநாள் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் அதையே சொன்னார். தேன் பாட்டில் என் கட்டன் சாயாவுக்கு வந்து சேர்ந்தது.

இதிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்று. மெசேஜ் அப்பாவுக்கு மட்டும் வந்தால் போதாது. மாமியாருக்கும் ஒன்று வர வேண்டும்.

குளிப்பாட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி மணைப்பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, இரண்டு காலுக்கும் நடுவில் பிள்ளையைக் கிடத்தி, உருக்கெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பார்க்க ஐம்பது வருடத்துக் கைப்பழக்கம் தெரியும். பிள்ளையைத் தொட்டுத் தூக்கிப் பழகு என்று மெசேஜ் வந்த வாரம், தலையை நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். மாமி என் கையைப் பார்த்தார்கள். வெட்டுக்காரன் கையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பால் காய்ந்து நகக்கண்ணில் கறுப்பாக ஏறியிருக்கும், பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட் வாடை எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அன்றிலிருந்து குளச்சல் போகிற நாளெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு நகமாகப் பாலை உரித்து எடுப்பேன். தக்கலை வருவதற்குள் இடது கை முடியும். குளச்சல் வருவதற்குள் வலது கை. மூன்றாவது தடவை மாமி ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் தலையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டார்கள். ரப்பர் பால் பிடிக்கிற ஒரு சிரட்டை அளவுதான் இருந்தது. சிரட்டையைக் கவிழாமல் பிடிக்கத் தெரிந்த கைதானே.

அப்புறம் அக்டோபர் கடைசியும் நவம்பரும். அந்த மழை இந்த மழையைவிட மோசம். பதினொரு நாள்தான் வெட்டு நடந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் நின்றது. அங்கே குளச்சலில் இருந்தால் இங்கே வேலை போகிறதே என்று இருக்கும், இங்கே இருந்தால் அங்கே இருக்க வேண்டுமே என்று இருக்கும். உறக்கம் வரவில்லை. பிள்ளை அழுது நான் விழித்திருந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. பிள்ளை 30 கிலோமீட்டருக்கு அப்பால் உறங்குகிறது, நான் ஏன் விழித்துக் கிடக்கிறேன்?

வெட்டில் அது தெரிந்துவிட்டது. ரப்பர் வெட்டில் கத்தி பட்டையைத்தான் சீவ வேண்டும், தடியைத் தொடக்கூடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது, முண்டு முண்டாக ஏறும், அடுத்த தடவை அங்கே வெட்ட வரும்போது கத்தி வழுக்கும். பதினான்கு வருடமாக வெட்டுகிறேன், மாதத்துக்கு ஒரு காயம் வந்தாலே வெட்கப்படுவேன். அந்த ஒரு மாதத்தில் ஒன்பது மரம். தோட்டத்துச் சொந்தக்காரர் வரிசையாக நடந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தச் சேவையில் அவ்வப்போது, நீ எப்படி இருக்கிறாய் என்று அப்பாவையே கேட்கும் மெசேஜ் ஒன்று வரும். லிங்கைத் தொட்டு உன் நிலையைச் சொல்லலாம், ரொம்ப மோசம் என்று சொன்னால் உதவிக்கு வழி காட்டுவார்கள். அந்த லிங்க் அண்ணனுக்கானது, எனக்குப் பயன்படாது. அதனால் அவன் என்னிடம் நேராகவே கேட்பான். அதுவரை "நல்லா இருக்கேன்" என்றே போட்டுவந்தேன். இந்த முறை நாலு மணி மெசேஜ் மூன்று மணிக்கே வந்துவிட்டது, அங்கே அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிடுகிறார்கள். நான் விழித்துத்தான் கிடந்தேன். "ஒம்பது மரத்துல காயம்" என்று மட்டும் அனுப்பினேன். அவனும் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். டியூட்டிக்குப் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உடனே கூப்பிட்டான்.

அம்மாமாருக்குப் பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு அப்பாமாருக்கும் வரும் என்று அவன்தான் சொன்னான். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2010 இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையில், பத்தில் ஒரு அப்பாவுக்கு அது இருக்கிறது என்று கண்டிருக்கிறார்களாம். எங்கள் தோட்டத்தில் வெட்டுக்கு வருகிறவர்கள் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் பிள்ளைகள் உண்டு. நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். யாரும் வாய் திறந்ததில்லை. சாயங்காலம் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார்கள், அதற்கு நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

மறுநாள் 14416 க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 இல் மத்திய அரசு தொடங்கியது, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. தமிழில்தான் பேசினார்கள். என்ன பேசினேன் என்பது இங்கே வேண்டாம். போன் செய்ததில் எனக்கு வெட்கம் இல்லை, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டிசம்பரில் காயம் இரண்டு.

சரி, குறைகள். முதல் குறை மொழி. அண்ணனின் ஒரு வரி இல்லாவிட்டால் பாதி எனக்கு எட்டியிருக்காது. பிளஸ் டூ ஆங்கிலம் எனக்கு உண்டு, ஆனால் காலை நாலு மணிக்கு அது எழுந்திருக்காது. இரண்டாவது, மேலே சொன்ன மாமியார் வீடு. மூன்றாவது, பேச்சின் தொனி. அங்கே அப்பாவிடம் கூட்டாளி போலப் பேசுகிறார்கள், கேலியும் உண்டு. அதை அப்படியே தமிழாக்கினால் ஒன்று விளம்பரம் போல இருக்கும், இல்லாவிட்டால் சுகாதாரத் துறை நோட்டீஸ் போல இருக்கும். "தந்தையரே, தாங்கள்" என்று தொடங்கினால் எங்கள் வெட்டுக்காரர்கள் ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். "லே மக்கா" என்று தொடங்கினால் படிப்பார்கள். ஆஸ்திரேலியாவிலேயே அங்குள்ள ஆதிக்குடி அப்பாக்களுக்கென்று இதில் தனி வடிவம் செய்திருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னான். அவர்களுக்குத் தனியாக எழுதத் தெரிந்தால் நமக்கும் ஒருவர் எழுதலாம்.

நம் நாட்டில் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். மத்திய அரசின் கில்காரி உண்டு, 2016 இல் வந்தது. கர்ப்பத்தின் நாலாம் மாதம் தொடங்கிப் பிள்ளைக்கு ஒரு வயது வரை, வாரம் ஒரு குரல் பதிவாக 72 பதிவுகள் போனில் வரும். நல்ல ஏற்பாடு, படிக்கத் தெரியாதவர்களுக்கும் எட்டும். ஆனால் அது தாயை மனதில் வைத்துச் செய்தது. அப்பாவுக்கு என்றால் நம் ஊரில் பொதுவாக வருவது பேப்பர் வேலைதான்: அட்டைக்கு நகல், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு பேங்க் பாஸ்புக். அதையும் செய்தேன், குறையாகச் சொல்லவில்லை. இன்னொரு பக்கம் பிள்ளை வளர்ப்புச் செயலிகள். ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். மூன்று நாளில் டயப்பர் விளம்பரமும் இன்சூரன்ஸ் விளம்பரமும் வந்து போன் நிறைந்தது, எடுத்துவிட்டேன். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவைதான்.

நட்சத்திரம் போட வேண்டுமென்றால் ஐந்துக்கு நாலு. அரை நட்சத்திரம் மாமியாருக்கு மெசேஜ் போகாததற்குக் குறைத்தது. இன்னொரு அரை தமிழ் இல்லாததற்கு. அண்ணனுக்குத் தனியாக ஐந்து. ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது அப்பா ஆகப்போகிறீர்கள் என்றால் பதிந்துகொள்ளுங்கள், ஊரில் அதே நேரத்தில் அப்பா ஆகிற தம்பி, மச்சான் எவனாவது இருந்தால் தள்ளிவிடுங்கள். கீழே உங்கள் கையால் ஒரு வரி எழுத மறக்காதீர்கள். தேதி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

மனைவியும் மகளும் ஜனவரியில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஏப்ரலில் ஆறு மாதம் முடிந்ததும் முதல் சாப்பாடாக மட்டிப்பழம் மசித்துக் கொடுத்தோம். மூன்றாம் மாதமே ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடி கரைத்துக் கொடுக்கலாம் என்று சொன்ன என் அம்மாவை அதுவரை நிறுத்தி வைத்ததும் இந்த மெசேஜ்தான், அல்லது மெசேஜைக் காட்டி நான்தான்.

இன்று காலை வந்தது: பிள்ளை கையில் கிடைத்ததைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும் காலம். அண்ணன் மகன் நேற்று டீப்பாயைப் பிடித்து நின்றுவிட்டானாம். மகளுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது, தவழ்கிறாள், அவ்வளவுதான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கதவு மூலையில் எப்போதும் சாய்த்து வைக்கிற வெட்டுக்கத்தியை எடுத்து உத்தரத்தில் செருகினேன். ஆசிட் கேனைக் கொண்டுபோய் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.